மச்சினியின் விரல்களும் இரண்டு மென்பொருள்களும்

1
இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் என் மனைவியும் அவள் தங்கையும் போட்ட சண்டையிலிருந்து உருவியது. நான் சாப்பிடுவதுபோல நடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வரி: 'மழை பெய்த அந்த மாலையில், இளம் ஓவியக்காரி தன் தூரிகையை'

வேண்டாம். மழையும் இல்லை, தூரிகையும் இல்லை. மச்சினி ஓர் அச்சகத்தில் வடிவமைப்பாளர்.

2
அச்சகத்தில் இருப்பது சந்தா கட்டும் மென்பொருள். வேலையை விட்டுத் தனியாக இறங்க நினைத்தவள், வீட்டுக் கணினியில் இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டாள். இருக்கிறாளா, போகிறாளா என்று முதலாளிக்கு நாளைக் காலை பதில் சொல்லவேண்டும். வேறு ஆள் பார்த்துவிட்டாராம்.

"ஓசியில கிடைக்கிறத வச்சுத் தொழில் பண்ணப் போறாளாம்!"

"ஓசி இல்லக்கா. எத்தனையோ பேர் சேர்ந்து உழைச்சுக் குடுக்கறது."

"அப்ப அந்தப் பல் டாக்டர் போர்டையும் அவங்களையே செய்யச் சொல்லியிருக்கலாமே?"

மச்சினி தட்டை நகர்த்தினாள்.

3
அந்த போர்டு, அவள் தனியாகப் பிடித்த முதல் வேலை. முடிந்ததும் எழுத்துகள் நகராமல் பூட்டிவிட்டு அனுப்புவது அச்சகத்துப் பழக்கம். மூச்சு விடாமல் விசைகளைத் தட்டுவாள். கண் அதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருக்கும். அச்சகத்தில் பூட்டுகிற அதே விசை, வீட்டு இலவச மென்பொருளில் எழுத்தை மறைக்கிற விசை.

டாக்டர் கூப்பிட்டார். "பல்லு நல்லா சிரிக்குதும்மா. என் பேர் எங்க?"

(எனக்கு ஓர் உறுத்தல். பழியை மென்பொருள் தலையில் கட்டுகிறேனோ? விசைகளை இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள அதிலேயே வழி இருக்கிறதாம். "மாத்தித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றேன். "பழசுக்கே வசதி பண்ணிக் குடுத்தா புதுசு எப்ப மாமா பழகும்?" என்றாள். அதுவும் ஒற்றை விரலால் தட்டுகிற என்னிடம்.)

4
முடிவு ஒன்று: அச்சகத்திலேயே இருந்துவிடுகிறாள். மனைவிக்குப் பிடிக்கும். எழுதிப் பார்த்தேன், பழைய நாற்காலியில் அவளை உட்காரவைக்கவே முடியவில்லை.

முடிவு இரண்டு: தனிக்கடை, வாசலில் கூட்டம். வாரப் பத்திரிகைக்கு லட்டு மாதிரி. நானே நம்பவில்லை.

முடிவு மூன்று: தனியாகப் போய், சந்தாவையும் தானே கட்டி, மாதம் பிறந்தாலே

5
காலையில் போன்.

"என்னை வச்சுக் கதை எழுதறீங்களாமே, மாமா?"

"உளவுத்துறை, உங்கக்கா, அதுக்குள்ள சொல்லிட்டாளா?"

"முடிவ படிங்க."

இரண்டரை முடிவையும் படித்தேன்.

"மூணுலயும் நான் ஒரு வார்த்தை பேசலையே மாமா. நீங்களே பேசறீங்க."

"சரி, நீ சொல்லு. இருக்கியா, போறியா?"

"முதலாளி கூப்பிடறார். வைக்காதீங்க, அப்படியே கேளுங்க."

கதவுச் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். "சொல்லும்மா, என்ன முடிவு பண்ணே?"

'தொடரும்' போட, தொடர்கதைக்காரன் கையைக் கொடுத்தாவது வாங்கிக்கொள்ளும் இடம் இது. அவள் மூச்சை இழுப்பது கேட்டது. அவள் பேசட்டும் என்று நான் போனை வைத்துவிட்டேன்.

நீங்கள் இன்னும் லைனில்தான் இருக்கிறீர்கள்.