நின்றுகொண்டிருந்த மூன்றாவது ஆள்

கணக்கு வாத்தியாரின் தங்கை ஒரு திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்குப் பேருந்தில் ஏறி, பன்னிரண்டு ஆண்டுகளும் நாற்பது நாட்களும் கழித்து இறங்கினாள். வழியில் வண்டி ஒன்றும் பழுதாகவில்லை.

காரணம், வாத்தியார் எழுதிய நான்காம் வகுப்புக் கணக்குப் பயிற்சி நூல். ‘பேருந்தில் எட்டு இருக்கைகளில், இருக்கைக்கு மூவர் வீதம் உட்கார்ந்திருந்தனர். இருவர் நின்றனர். ஒன்பது பேர் இறங்கினால் மீதி எத்தனை பேர்?’ என்று அதில் ஒரு கணக்கு. அச்சுக்குப் போகுமுன் படித்த தங்கை, “நானும் தினம் நின்னுட்டுத்தானே போறேன், என்னையும் சேத்துக்கோண்ணே” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே இருவரை அடித்து மூவர் என்று எழுதினார். கடைசிப் பக்கத்து விடையைத் திருத்த மறந்துவிட்டார். அங்கே பதினேழு பதினேழாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் முப்பத்தெட்டு பேர் பின்பக்கத்தைப் புரட்டிப் பதினேழு என்று எழுதினார்கள். இரட்டைச்சடை ஒருத்தி மட்டும் பெருக்கி, கூட்டி, கழித்துப் பதினெட்டு என்று நோட்டை நீட்டினாள். வாத்தியாருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆனால் முப்பத்தெட்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “புக்கவிட உனக்கு அதிகமாத் தெரியுமோ?” என்று சிவப்பு மையில் தப்புப் போட்டார்.

திங்கட்கிழமை தங்கை இறங்கப் படியில் கால் வைத்தாள். வைத்த மாத்திரத்தில் பழைய இடத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். மூன்று முறை முயன்றும் அப்படியே. நடத்துநர் எத்தனை தரம் எண்ணினாலும் ஓர் ஆள் குறைந்தது. கணக்கில் வராத ஆளை எங்கே இறக்குவது என்று அவர் கேட்டது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. அவள் வேலை பார்த்த தையல் கம்பெனி சட்டைகளை மூட்டையாக வண்டிக்கே அனுப்பியது. அவள் நின்றபடி பொத்தான் தைத்தாள். கல்யாணம் பேச வந்தவர்கள் இரண்டு நிறுத்தம் கூட வந்து இறங்கிக்கொண்டார்கள். அண்ணன் தினமும் ஜன்னல் வழியே சாப்பாட்டு கேரியரைக் கொடுத்தார். மற்ற நேரத்தில் பசையும் சீட்டுமாக வீடு வீடாகப் போய், அறுநூறு பிரதிகளிலும் ‘அச்சுப் பிழை: விடை 18’ என்று ஒட்டினார். ஒன்பது ஆண்டு ஆயிற்று.

“எல்லாத்துலயும் ஒட்டிட்டியாண்ணே?”

“ஒட்டிட்டேம்மா.”

“அப்புறமும் ஏன்?”

அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு ஆண்டு முடிந்த அன்று அந்த வண்டிக்குப் புது நடத்துநர் வந்தாள். இரட்டைச்சடை இப்போது ஒற்றைச்சடை. நாற்பதாம் நாள் கேரியரோடு நின்ற வாத்தியாரைப் பார்த்து, “சார், எனக்கு என்னமோ ஒரு ஆள் கூடத்தான் வருது. இன்னைக்கும் தப்புன்னுதான் சொல்வீங்களா?” என்றாள். வண்டி முழுக்கச் சிரித்தது. வாத்தியார் ஏறினார். எல்லோருக்கும் கேட்கும்படி, “அச்சுக்காரர் மேல தப்பில்ல. அன்னைக்கு நீ போட்டதுதான் சரி. தெரிஞ்சேதான் தப்புப் போட்டேன்” என்றார்.

அவள் ஒரு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள். “அப்போ மார்க்கப் போடுங்க.” அவர் சிவப்புப் பேனாவால் ‘சரி’ போட்டார். அதை அப்படியே தங்கையிடம் கொடுத்தாள்.

“தெரிஞ்சேவாண்ணே?” என்று மட்டும் கேட்டாள் தங்கை. அவர் வாய் திறப்பதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கி, வேலைக்குப் போனாள்.

அடுத்த நிறுத்தத்தில் வாத்தியார் படியில் கால் வைத்தார். கம்பியைப் பிடித்தபடி உள்ளேயே நின்றார். இரண்டாம் முறை அவர் முயலவில்லை. நடத்துநர் இப்போது அவரையும் சேர்த்தே எண்ணுகிறாள். மதியம் ஒரு மணிக்கு வண்டி தையல் கம்பெனி வாசலில் நிற்கும்போது, தங்கை ஜன்னல் வழியே கேரியரை நீட்டுகிறாள்.