ஆறில் ஒரு வெறுங்கூடு

ஆற்றில் இறங்கப் போடும் ரப்பர் கால்சட்டையை மார்பு வரை இழுத்து மாட்டிக்கொண்டு டெல்மாவின் கடைக்குள் நுழைந்தேன். மார்பில் காலியான துப்பாக்கி உறை. கையில் ஒரு பை. பைக்குள் இரண்டு ஹெர்ரிங் மீன்கள்.

"கடல் அந்தப் பக்கம்டி, மேரன்," என்றாள் டெல்மா.

பள்ளியில் எனக்கு முன் பெஞ்சுக்காரி. இப்போது துப்பாக்கி விற்கிறாள்.

"நாலு மணிக்குத் தேர்வு," என்றேன்.

"தெரியும். ஊருக்கே தெரியும்."

தெரியாமல் எப்படி இருக்கும்? ஆறு வருடமாக மீன் முகாமில் வேலை கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஆற்றின் குறுக்கே ஒரு வேலி. வேலியில் ஒரு வாசல். அதன் வழியே மேலே ஏறும் சால்மன் மீன்களை நின்று எண்ண வேண்டும், கோடை முழுவதும். இந்த ஆண்டு என் பெயர் வந்துவிட்டது. விமானம் நாளைக் காலை. சால்மனைத் தேடி அந்த ஆற்றுக்குக் கரடிகளும் வரும் என்பதால் ஒரு நிபந்தனை: சொந்தத் துப்பாக்கி. ஏழு கஜத்தில் ஒரு காகிதத் தட்டு. ஆறு விநாடியில் நான்கு குண்டும் தட்டில் இருக்க வேண்டும். தவறினால் மீன் ஆலை அலுவலகத்தில் அதே நாற்காலி, அதே ஜன்னல்.

அண்ணன் கார்ஸ்டன் எனக்கு முன்பே வந்து மேசையில் சாய்ந்திருந்தான். அவன் முன்னால் ஒரு பெரிய ரிவால்வர்.

"இதுதான்," என்றான். "நாப்பத்தி நாலு ரகம். என்கிட்ட இருக்குறதோட தங்கச்சி. எடுத்து வைக்கச் சொல்லி ஒரு வாரமாச்சு."

எடுத்தேன். கை கீழே இறங்கியது. வெள்ளிபோல மின்னியது. கைப்பிடி வழவழப்பான மரம். சுடுவதற்கு முன்பே மனதில் வாங்கிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எச்சில் வடிக்காத," என்றாள் டெல்மா. "சுட்டுப் பாத்துட்டு ஆசப்படு."

கடைக்குப் பின்னால் மண்மேடு. மேட்டின் முன் தட்டு. மூவரும் காதுக்கவசம் மாட்டிக்கொண்டோம். டெல்மா முதுகைக் காட்டித் திரும்பி நின்று தோட்டாக்களைப் போட்டாள்.

"அஞ்சு நெஜம், ஒண்ணு வெறுங்கூடு. சுத்தி விட்டுட்டேன். எது எங்கனு எனக்கே தெரியாது. சுடு."

சுட்டேன். மேடு அதிர்ந்தது. என் பற்கள் அதிர்ந்தன. தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி விசையை இழுத்தேன்.

கிளிக்.

வெடிக்கவில்லை. ஆனால் குழல் மட்டும் நான்கு அங்குலம் குனிந்து தரையைப் பார்த்தது. அடி விழும் என்று என் கை முன்கூட்டியே பயந்துவிட்டது.

கார்ஸ்டன் தொடையில் தட்டிச் சிரித்தான். "கும்பிடு போடுறா பாரு! கரடிக்கு மரியாத!"

"சிரிக்காத அண்ணே."

"குடு இப்படி. இருபது வருஷமா இதத்தான் சுடுறேன்."

டெல்மா அவனுக்கும் நிரப்பினாள், அதே மாதிரி, முதுகைக் காட்டி. கார்ஸ்டன் காலை அகட்டி நின்றான். வெடித்தது. வெடித்தது. கிளிக்.

அவன் குழல் என்னுடையதைவிட ஆழமாகக் குனிந்தது.

ஒரு கடற்புறா கத்தியது.

"காத்து அடிச்சிது," என்றான் கார்ஸ்டன்.

"ஆமா, மேலேர்ந்து," என்றாள் டெல்மா.

இருபது வருடமாகச் சுடுகிறவனுக்கே இப்படியென்றால் தப்பு என் கையில் மட்டும் இல்லை. அந்த வெள்ளி மினுக்கு இனி தேவையில்லை. மணி இரண்டு. பையைத் திறந்து ஹெர்ரிங்கை எடுத்து இரண்டு கையிலும் நன்றாகத் தேய்த்தேன்.

"அடியேய்! என் துப்பாக்கில மீன் பூசுவியா?"

"முகாம்ல என் கை வேற எப்படி இருக்கும்னு நெனச்ச? அடுத்தத எடு."

டெல்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கறுப்புப் பிஸ்டல் ஒன்றைக் கொண்டு வந்தாள். எடை குறைவு. பதினைந்து தோட்டா பிடிக்கும். பிடி அகலம், என் விரல் நுனிதான் விசையைத் தொட்டது. மேல் பாகத்தைப் பின்னுக்கு இழுத்தேன். வழுக்கியது. மறுபடி இழுத்தேன். மறுபடி வழுக்கியது.

"அதுக்குள்ள கரடி உன் சாப்பாட்டையும் முடிச்சிட்டுப் போயிரும்," என்றான் கார்ஸ்டன். கொஞ்சம் தெளிந்திருந்தான்.

மூன்றாவதாக வந்தது பழைய ரிவால்வர். முந்நூற்று ஐம்பத்தேழு ரகம்; எண்தான் பெரிது, குண்டு சிறியது. யாரோ விற்றுவிட்டுப் போனது. கறுப்பு பல இடங்களில் தேய்ந்திருந்தது. கைப்பிடி ரப்பர்.

"இதுவா? கரடிக்குக் கொசுக்கடி," என்றான்.

"உன் நாப்பத்தி நாலு தரையத்தானே சுடுது," என்றேன்.

ரப்பர் உள்ளங்கையில் ஒட்டியது. விரல் தேடாமலே விசையில் போய் அமர்ந்தது. உறையில் போட்டேன், எடுத்தேன். ரப்பர் கால்சட்டையின் வாரில் சிக்கவில்லை. டெல்மா நிரப்பினாள், சுற்றினாள், கொடுத்தாள்.

வெடித்தது. தட்டில் ஒரு துளை. வெடித்தது. இன்னொன்று. மூன்றாவது முறை இழுத்தேன்.

கிளிக்.

குழல் அசையவில்லை.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெடிக்காத அந்த ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"இது!" என்று கத்தினேன். "டெல்மா, இதுதான்டி!"

"கத்தாத. காது மூடிருக்கு எனக்கு, செவிடில்ல."

படிவத்தில் மீன் வாசனையோடு கையெழுத்துப் போட்டேன். எனக்குத் துப்பாக்கி விற்க அரசின் அனுமதி கேட்டு, டெல்மா தொலைபேசியில் என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். காத்திருக்கச் சொன்னார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து. மூன்று இருபத்தைந்து. கார்ஸ்டன் பற்களால் நகத்தைக் கடித்தான். மூன்றரைக்கு டெல்மா கட்டைவிரலை உயர்த்தினாள். நானும் அண்ணனும் ஓடினோம்.

ஊர்ச் சுடுதளத்தில் முகாம்களுக்குப் பொறுப்பான லூபா நின்றிருந்தாள். கையில் விநாடிக் கடிகாரம்.

"அந்த ரப்பர கழட்டலையா?"

"இதோடதான்."

அவள் தோளைக் குலுக்கினாள். விசில் ஊதினாள்.

உறையிலிருந்து எடுத்தது நினைவிருக்கிறது. பிறகு நான்கு சத்தம். பிறகு அமைதி.

"அஞ்சரை விநாடி," என்றாள் லூபா. தட்டருகே போனாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு." குனிந்தாள். "நாலாவது விளிம்புல."

தட்டை நோக்கி ஓரடி எடுத்து வைத்தேன்.

"விளிம்பும் தட்டுதானம்மா," என்று பின்னாலிருந்து கத்தினான் கார்ஸ்டன். "நாங்க சாப்பிடுறப்ப எலும்ப அங்கதான் வைக்கிறோம்!"

லூபா சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டில் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினாள். முகர்ந்தாள்.

"காலைல ஆறு மணிக்கு விமானம். குளிச்சிட்டு வா. ஜன்னல் திறக்காது."

வண்டியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். நான்கு துளைகளிலும் விரலை விட்டு விட்டுப் பார்த்தேன். கார்ஸ்டன் ஓட்டினான்.

"அந்தக் கிளிக்," என்றான் சாலையைப் பார்த்தபடி. "டெல்மா யார்ட்டயும் சொல்ல மாட்டால்ல?"

"மாட்டா அண்ணே."

பெட்ரோல் நிலையத்தைக் கடந்தோம். வாசலில் நின்ற இருவர் எங்கள் வண்டியைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து கும்பிடு போட்டார்கள்.