இருவது நிமிச ஈரம்

…காயணும்னு சொல்லுச்சா, காயக்கூடாதுன்னு சொல்லுச்சா அந்த ஃபேன்சி ஸ்டோர்ப் பொண்ணு? பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல வண்டி கெளம்புற அவசரத்துல வாங்குன மூஞ்சித் துணி மாஸ்க்கு, இருவது நிமிசம் வச்சுக்கங்கக்கான்னு சொன்னது ஞாபகம் இருக்கு, அதுக்கப்புறம் என்னமோ சொல்லுச்சு, கண்டக்டர் அடிச்ச விசில்ல அது போச்சு... போனா போகுது போ. மூஞ்சிக்கு எதைப் போட்டாலும் காஞ்சாத்தானே வேலை செய்யும், பயத்தமாவும் அப்படித்தான், முல்தானி மெட்டியும் அப்படித்தான், இழுத்துப் புடிக்கணும், சிரிச்சா வெடிக்கணும், அப்பத்தான் உள்ள எறங்குதுன்னு அர்த்தம். வெற்றிச்செல்வி கட்டில்ல மல்லாந்து படுத்துக்கிட்டா. கண்ணுக்கு ரெண்டு ஓட்டை, மூக்குக்கு ஒண்ணு, வாய்க்கு ஒண்ணு, சொட்டச் சொட்ட ஒரு வெள்ளைத் துணி, அட ஆண்டவா, இந்த ஜில்லு ஜில்லுதே, மார்கழிப் பனியில வெந்த மூஞ்சிக்கு இன்னும் கொஞ்சம் பனியா... கண்ணாடியில பாத்தப்ப அவளுக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. பக்கத்து வூட்டு ஆண்டாயி மட்டும் பாத்தா, என்னடி இது பேய் வேசம், அஞ்சு வருசம் கழிச்சு வர்ற புருசன அப்படியே ஃப்ளைட்டேத்தி அனுப்பப் போறியான்னு கேப்பா, கேட்டுட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பா. ஆண்டாயிக்கென்ன, அவ புருசன் மூணு வேளையும் அவ மூஞ்சியப் பாத்துத்தான் சோறு திங்கிறான், அது வெடிச்சா என்ன, வெளுத்தா என்ன.

வேல்முருகன் மத்தியானமே திருச்சியில எறங்கிட்டாரு. சமயபுரம் தாண்டியாச்சுன்னு கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி மெசேஜ் வந்துச்சு, அப்ப இந்நேரம் சிறுகனூர் தாண்டியிருக்கும், பாடாலூர்ல டீ குடிக்க நிறுத்துவாரா, நிறுத்தட்டும், நல்லா ஆத்திக் குடிக்கட்டும், என்ன அவசரம்... ச்சீ, இதென்ன புத்தி, வர்ற மனுசன் மெதுவா வரணும்னு எவளாவது நெனப்பாளா? மக லாவண்யா ப்ளஸ் டூ படிக்கறப்ப குவைத்துக்குக் கிரேன் ஓட்டப் போனவரு, அது இப்ப கோயம்புத்தூர்ல நர்சிங் கடைசி வருசம். ரெண்டு வருசத்துல வந்துடுறேன்னாரு, கம்பெனி மாறினாரு, லீவு கெடச்சப்ப மாடி கட்ட ஆரம்பிச்சிருந்துச்சு, சரி அதையும் முடிச்சுட்டே வரேன்னாரு. மாடி முடிஞ்சுது. கீழ நாலு ரூம், மேல மூணு ரூம், நடுவுல இவ ஒருத்தி. ஒத்த ஆளுக்கு உலை வச்சு, அதுலயும் பாதிய மறுநாள் தண்ணி ஊத்தித் தின்னு, டிவியில பேசறவங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டு... ஒரு நாள் சீரியல்ல ஒரு மாமியார்க்காரி சாப்டியாம்மான்னு கேட்டா, இவ வாயத் தொறந்து சாப்டேங்கன்னுட்டா. சொல்லிட்டு அழுதா. சிரிக்கறதுக்குன்னு வாயத் தொறந்தா, அழுகைதான் வந்துச்சு.

அதனாலதான் காட்டுக்குப் போனது, லாவண்யா காலேஜ் சேந்த வருசத்துலேருந்தே. வேற எதுக்காகவும் இல்ல, சாமி சத்தியமா. காலையில பனி எறங்கிக்கிட்டு இருக்கறப்பவே தலையில துண்டக் கட்டிக்கிட்டு மேலக்காட்டுப் பக்கம் போனா, பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க வட்டமா உக்காந்து சின்ன வெங்காயத்துல காஞ்ச எலைத் தாள் அறுத்துக்கிட்டு இருப்பாங்க, பக்கத்துல அறுத்த வெங்காயத்தக் குமிச்சு மூடிப் பட்டறை போட்டுக்கிட்டு இருப்பாங்க, எவளாவது ஒருத்தி எதையாவது சொல்லுவா, எவளாவது ஒருத்தி சண்டை போடுவா, கண்ணுல தண்ணி வந்தா வெங்காயத்து மேல பழியப் போட்டுக்கலாம், ஏன் அழுவுறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா அவரு போற அன்னைக்கு வாசல்ல நின்னு என்ன சொன்னாரு? எங்கம்மா அடுத்தவங்க காட்டுல குனிஞ்ச இடுப்ப நிமுத்தவே இல்ல செல்வி, நீ எந்தக் காட்டுலயும் குனியக்கூடாது, நான் அங்க வெயில்ல காயறது நீ இங்க காயாம இருக்கத்தான்னாரு. இவளும் தலைய ஆட்டுனா. ஆட்டுன தலையிலதான் இப்ப துண்டு கட்டிக்கிட்டுப் போறா. எப்படிச் சொல்றது? கைக்குக் கூலி வேணாங்க, காதுக்குப் பேச்சு வேணும்னு சொன்னா அந்த மனுசனுக்கு வெளங்குமா? உனக்குத்தான் தெனமும் ஃபோன் பண்றேனேம்பாரு.

தெனமும்தான் பண்ணாரு, பண்ணலன்னு சொல்ல முடியாது. வெங்காயக் காட்டு வாடைக் காத்துல மூஞ்சி சாம்பல் பூத்து, வாயோரமெல்லாம் வெடிச்சு, கன்னத்துல கறுப்பு எறங்குனப்ப இவளுக்கு அதே நெனப்புத்தான், வீடியோவுல பாத்தா கண்டுபுடிச்சுருவாரே. தேங்காண்ணெய் தடவுனா மினுமினுன்னு எண்ணெச் சட்டி, வேசலின் தடவுனா அதுல தூசி ஒட்டிக்கிச்சு. லாவண்யாதான் லீவுல வந்தப்ப ஃபோன வாங்கி என்னமோ தட்டுச்சு, இந்தாம்மா இந்தப் பட்டன அமுக்கிட்டுப் பேசு, நீ நடிகை மாதிரி இருப்பன்னு. அமுக்குனா, அடேங்கப்பா! வெடிப்பு எங்க, கறுப்பு எங்க, இருவது வயசுப் பொண்ணு ஒருத்தி உள்ளேருந்து எட்டிப் பாக்குறா. அன்னைக்கு ராத்திரி அவரு பாத்துட்டு, நெழல்லயே இருக்கறதுல நல்லாத் தெளிஞ்சுட்ட செல்வின்னாரு. அந்தச் சந்தோசம் இருக்கே அவரு கொரல்ல... அதுக்கப்புறம் எங்கேருந்து உண்மையச் சொல்றது? ஆனா அந்தப் பட்டன நம்ப முடியாது, சட்டுனு திரும்புனா வழுக்கிரும், கைய மூஞ்சிக்குக் குறுக்க கொண்டு போனா ஒரு கணம் அசல் கன்னம் வெளிய தெரிஞ்சுரும். அதனால அவரு பேசப் பேச இவ கண்ணு ஃபோன் மூலையில இருக்கற அந்தச் சின்னக் கட்டத்துலயே இருக்கும், அதுலதான இவ மூஞ்சி தெரியும், அசையாம, திரும்பாம, ம்... ம்... சொல்லுங்க... ஒரு நாள், பாத்தியா செல்வி எப்படி ஆயிட்டேன்னு கேட்டாரு. இவ தன் கன்னத்தப் பாத்துக்கிட்டே, நல்லாத்தான இருக்கீங்கன்னா. அவரு பேச்ச மாத்தி மழை பேஞ்சுதான்னு கேட்டாரு.

சில சமயம் அந்தக் கட்டத்துக்காரி மேல பொறாமையாக்கூட இருக்கும். கொஞ்சுறதெல்லாம் அவளை, கவலையெல்லாம் அவளுக்கு, சாப்டியா தூங்குனியான்னு கேக்கறது அவகிட்ட. இவ ஃபோனைப் புடிச்சுக்கிட்டு நிக்கற ஆளு, அவ்வளவுதான்... துணி இப்ப சில்லுனு இல்ல, ஒடம்புச் சூட்டுக்கு வந்துருச்சு, யாரோ ரெண்டு கையாலயும் கன்னத்தப் பொத்திப் புடிச்ச மாதிரி இருக்கு. இப்படி யாராவது புடிச்சு எத்தன காலம் ஆச்சு! எடுக்கணுமா? இருவது நிமிசம் ஆயிருக்கும். வேணாம், இன்னும் கொஞ்சம் இருக்கட்டும், இன்னும் காயல, தாடைப் பக்கம்தான் காஞ்சிருக்கு, நல்லா இழுக்கட்டும். கண்ண மூடுனா. ரோட்டுல போற ஒவ்வொரு வண்டிச் சத்தமும் வூட்டுப் பக்கம் திரும்புற மாதிரி கேட்டுச்சு, ஒண்ணும் திரும்பல.

ஃபோன் அடிச்சப்ப தாவி எடுத்தா. அவரு இல்ல, லாவண்யா. அப்பா வந்துட்டாங்களாம்மா? இல்லடி. ஏம்மா கொரல் இப்படி இருக்கு, பல்லக் கடிச்சுக்கிட்டுப் பேசற? மாஸ்க்கு போட்டிருக்கேன்டி, துணி மாஸ்க்கு, வாயத் தொறக்க முடியல, இறுகிப் போச்சு. இறுகிப் போச்சா, ஐயோ அம்மா, எவ்வளவு நேரமா வச்சிருக்க? காயட்டும்னு வச்சிருக்கேன். காயவே விடக்கூடாதும்மா, அது என்ன முல்தானி மெட்டியா, ஈரம் இருக்கறப்பவே எடுத்துரணும், காஞ்சுருச்சுன்னா உன் மூஞ்சியில இருக்கற ஈரத்தையும் அதுவே திருப்பி உறிஞ்சிக்கும்... எடு, மொதல்ல எடு. எழுந்து உக்காந்து நெத்திப் பக்கம் நகத்தால நெம்புனா, பழைய பேண்டேஜப் பிரிக்கற மாதிரி சுள்ளு சுள்ளுனு இழுத்துக்கிட்டு வந்துச்சு. கண்ணாடியில மூஞ்சி செவந்து போய், வாயோர வெடிப்பெல்லாம் முன்னைக்கு இப்ப நல்லாத் தெரிஞ்சுது. போச்சுடா. அந்தக் கடைப் பொண்ணு சொன்னது இதத்தானா? இவளுக்கு அழுகை வரல, கோவம்தான் வந்துச்சு, ஒரு ஈரம் வந்து இருந்தா இருந்துட்டுப் போகுதுன்னு விட முடியல பாரு, கடைசிச் சொட்டு வரைக்கும் புடிச்சு வச்சுக்கணும்னு என்ன பேராசை. மூஞ்சியக் கழுவுனா. சரி, சொல்லிர வேண்டியதுதான். கதவத் தொறந்ததும் சொல்லிரணும், காட்டுக்குப் போனேங்க, நெழல்ல இருக்க முடியலங்க, திட்டுறதுன்னா திட்டுங்க, ஆனா என்னப் பாத்துத் திட்டுங்கன்னு.

அப்ப ஒரு வண்டி ரோட்டுலேருந்து நெசமாவே திரும்புச்சு. வாசல்ல நின்னுச்சு. கார்க் கதவு ரெண்டு தடவ சாத்துன சத்தம், பெட்டிய உருட்டுற சத்தம். செல்வீ... வூட்டுலதான இருக்க? அவரு கொரல்தான், அதுல சந்தேகமே இல்ல, தூக்கத்துல கேட்டாலும் சொல்லிருவா. ஓடிப் போய்த் தாழ்ப்பாள்ல கை வச்சா, கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கற மூஞ்சிய ஒரு தடவ மனசுல வச்சுக்கிட்டுத் தொறப்போம்னு பாத்தா... வரல. சுவத்துல மாட்டியிருக்கற கல்யாண போட்டோ வந்துச்சு, ஏர்போர்ட்டுக்குக் கெளம்புன அன்னைக்கு நீலச் சட்டையில நின்னது வந்துச்சு, அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. நேத்து ராத்திரிகூட அரை மணி நேரம் பேசுனாரே, கண்ணாடி போட்டிருந்தாரா? மீசை இருந்துச்சா, எடுத்துட்டாரா? முடி நரைச்சிருச்சா? ஃபோன் முழுக்க அவருதான இருந்தாரு, அம்மாம் பெருசா, தெனமும். இவ எங்க பாத்துக்கிட்டு இருந்தா?

செல்வி, கதவத் தொற, என்ன பண்ற உள்ள? இந்தா வரேங்கன்னா. கை தாழ்ப்பாள்லயே இருந்துச்சு. பாத்தியா எப்படி ஆயிட்டேன்னு அன்னைக்குக் கேட்டாரே... எதைப் பாக்கச் சொன்னாரு?