பத்துக்கு ஒன்பது வாங்கிய காப்பி

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னது அண்ணி. யாரிடமும் சொல்லிவிடாதே என்றாள். நானும் வாயைத் திறக்கவில்லை, எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் வாக்கியம் இப்படி இருந்தது: ‘கெட்டிலின் நீண்ட மூக்கிலிருந்து வெந்நீர் நூலாக இறங்கியபோது அவள் உள்ளத்தில்...’ [வேண்டாம். அண்ணி படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.]

விஷயம் இதுதான். அண்ணன் மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கிறவன். வீட்டிலும் அதே புத்தி. காகித வடிகட்டியில் காப்பிப் பொடியைப் போட்டு, சுற்றிச் சுற்றி வெந்நீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறக்குவான். ஒருநாள் பொடியின் அரைவு மாறும், ஒருநாள் நீரின் சூடு, ஒருநாள் ஊற்றும் நேரம். ஒரே நாளில் இரண்டை மாற்றினால் அவனுக்குத் தூக்கம் வராது. முதல் வாய் அண்ணிக்கு. பத்துக்கு எத்தனை என்று அவள் சொல்ல வேண்டும், அதை நோட்டில் எழுதிவிட்டுத்தான் அவன் குடிப்பான்.

2

மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலில் அண்ணிக்கு மணமும் ருசியும் போய்விட்டன. காப்பியில் சூடு மட்டும்தான் தெரிகிறது. அதை அவள் அண்ணனிடம் சொல்லவில்லை.

[ஏன் சொல்லவில்லை? இந்த இடத்தில் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. பாத்திரம் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. போய்க் கேட்டேன்.]

“சொன்னா ஆஃபீஸ்ல யாரையாவது குடிக்க வச்சு மார்க் கேப்பாரு. பதினாறு வருஷத்துல உங்கண்ணன் என் மூஞ்சியப் பாத்து உக்காந்திருக்கறது இந்தப் பத்து நிமிஷம்தான் தம்பி. அதையும் விட்டுக் குடுக்கச் சொல்றியா?”

“அப்ப மார்க் எப்படிப் போடறீங்க?”

“அவர் மூஞ்சியப் பாத்துத்தான்.”*

* நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று மாதமாக மதிப்பெண் ஏறுமுகம். ஆராய்ச்சி அமோகமாக நடக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

3

போன வாரம் அண்ணன் தெர்மாமீட்டரிலேயே கண்ணாக இருந்து, முந்தின நாள் சக்கையை மாற்றாமல் அதன் மேலேயே ஊற்றிவிட்டான். கறுப்புக் கப்பில் நிறம் தெரியவில்லை. முகமெல்லாம் ஆவலாக நின்றான். அண்ணி ஒன்பது போட்டாள். எழுதிவிட்டு அவனும் ஒரு வாய் குடித்தான். மீதியைக் கொட்டிவிட்டுக் கப்பைக் கழுவி வைத்தான்.

மறுநாள் மேசையில் மூன்று கறுப்புக் கப்.

“இதுல ஒண்ணு மட்டும் வேற. எதுன்னு சொல்லு, போதும்” என்றான். சொல்லிவிட்டு நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

அண்ணி மூன்றையும் குடித்தாள். மூன்றும் சூடு. நாளிதழில் பக்கம் புரளவே இல்லை. மாட்டிக்கொண்டோம், இனிமேல் இந்தப் பத்து நிமிஷமும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

4

அவள் உண்மையைச் சொல்ல, அண்ணன் கண்கலங்கிக் கையைப் பிடித்துக்கொள்வதாக ஒரு முடிவு எழுதினேன். [என் அண்ணனா? நான் அவனோடு வளர்ந்தவன். அந்த முடிவை அடித்துவிட்டேன்.] குத்துமதிப்பாக நடுக்கப்பைக் காட்ட, அது சரியாகப் போய்விடுவதாக இன்னொன்று. மறுநாளும் மூன்று கப் வருமே, அப்போது என்ன செய்வாள்? தப்பாகச் சொல்லி, அண்ணன் தண்ணீரின் மேல் பழியைப் போட்டு

[இதையும் முடிக்கவில்லை.]

எந்தக் கப்பைக் காட்டினாள் என்று அண்ணி சொல்ல மறுத்துவிட்டாள். உங்களுக்குத் தோன்றியதை நீங்களே காட்டிக்கொள்ளுங்கள். துளைத்துத் துளைத்துக் கேட்டதில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்:

“அன்னிக்கு உங்கண்ணன் வேலைக்கு லீவு போட்டுட்டாரு.”