எழுந்திரு, மணி எட்டாச்சு

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கு அப்டேட் என்று ஒன்று வந்தது பாருங்கள், அதோடு பிடித்தது சனி. காலையில் அக்கா ஆன் செய்து பாஸ்வேர்டைப் போட்டால், தப்பு என்றது. மறுபடி போட்டாள். தப்பு. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துக் குத்தினாள். அதற்கும் தப்பு. உடனே தம்பிக்குப் போன் போட்டு அலறினாள்.

அலறாமல் என்ன செய்வாள்? உள்ளே இருப்பது அப்பாவின் குரல். தொண்டையில் ஆபரேஷன் செய்தால் பேச்சு போய்விடும் என்று டாக்டர் சொன்னதும், அவரை மைக் முன்னால் உட்காரவைத்து வாக்கியம் வாக்கியமாகப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தாள். அதைக் கொடுத்தால், அவர் தட்டுகிற எழுத்தை அவர் குரலிலேயே பேசுகிற கருவி ஒன்றைச் செய்து தருவார்களாம். ஆபரேஷன் முடிந்துவிட்டது. குரலும் போய்விட்டது. மிச்சம் இருந்தது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். திருட்டுப் போனாலும் யாரும் திறக்கக்கூடாது என்று டிஸ்க் முழுவதையும் பூட்டிவைத்த புண்ணியவதியும் அவளேதான்.

தம்பி ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். செய்தி கேட்டு ஓடி வந்தான்.

"பாஸ்வேர்ட் மறந்தா போடுறதுக்கு நீளமா ஒரு நம்பர் குடுத்திருக்குமே, அது எங்கக்கா?"

"உள்ளதான்டா இருக்கு."

"எதுக்குள்ள?"

"கம்ப்யூட்டருக்குள்ள."

"நல்லா இருக்கு! பீரோ சாவியை பீரோக்குள்ளயே வெச்சுப் பூட்டின மகராசி நீதான். வேற காப்பியாவது இருக்கா?"

"நாளைக்கு எடுக்கலாம்னு..."

தான் கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினான். கிளம்பியது. டிஸ்க்கும் கண்ணுக்குத் தெரிந்தது. அக்கா பாஸ்வேர்டை அடித்தாள். அங்கேயும் தப்பு. தம்பியின் முகம் தொங்கிப்போனது.

"பூட்டு இருக்கிற இடமே கெட்டுப்போயிருந்தா, சரியான பாஸ்வேர்ட் போட்டாலும் திறக்காதுக்கா. யாராலயும் முடியாது."

பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பா, மடியில் வைத்திருந்த சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'போனா போகட்டும், விடு.' அதைப் பார்த்ததும்தான் அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழாதக்கா. பாஸ்வேர்ட் என்னன்னு சொல்லு, புள்ளி புள்ளியா இல்லாம எழுத்து தெரியற இடத்துல அடிச்சுப் பார்க்கிறேன்."

"எழுந்திரு மணி எட்டாச்சு. இங்கிலீஷ் எழுத்துல. ழ-வுக்கு இசட், எச்."

அந்த நிலையிலும் தம்பிக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூட நாட்களில் அப்பா தினமும் போட்ட சத்தம் அது. மணி ஆறுகூட ஆகியிருக்காது, எட்டு என்று கூசாமல் புளுகுவார். அப்பா ஒன்றும் தெரியாதவர் மாதிரி விட்டத்தைப் பார்த்தார்.

தம்பி அடித்தான். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரையைப் படித்தாள். "எயு... எயுந்திரு. ஏண்டா, ஒழுங்கா அடிக்கத் தெரியாதா? அப்பா மாதிரியே அடிச்சிருக்க!"

அப்பாவுக்கு ஜென்மத்தில் ழ வந்ததில்லை. வீட்டில் அதை வைத்து அவரை ஓட்டாத நாள் கிடையாது.

"நான் இசட்தான்க்கா அடிச்சேன்..." திரும்ப ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தான். ஒய் வந்தது. பளாரென்று தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டான். "அட மக்கு! இது ஜெர்மன் கீபோர்டு, இதுல இசட்டும் ஒய்யும் இடம் மாறி இருக்கும். அப்டேட்ல அதை மறந்துட்டு, சாதாரண கீபோர்டுனு நெனச்சுக்கிட்டிருக்கு. என் பென் டிரைவும் அதே லட்சணம்தான். டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலக்கா!"

"அப்போ இசட்டுக்குப் பதிலா ஒய் அடிச்சா?"

"அடி. அப்பா சொல்ற மாதிரியே அடி."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'எயுந்திரு மணி எட்டாச்சு' என்று அடித்தாள். திறந்துகொண்டது.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. தம்பி முதல் வேலையாக எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் காப்பி எடுத்தான். எடுத்துவிட்டு, அப்படியே தரையில் காலை நீட்டிச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். நல்லபடியாக இருக்கிறதா பார்ப்போம் என்று அக்கா கடைசிப் பதிவைத் தட்டினாள்.

"எயுந்திரு, மணி எட்டாச்சு!"

அறையே அதிர்ந்தது. தம்பி கண்ணைத் திறக்காமலே, "அஞ்சே நிமிஷம்ப்பா" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. எழுந்து உட்கார்ந்து அக்காவைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அப்பாவுக்குச் சத்தமே இல்லாமல் தோள் குலுங்கியது.

சிரித்து ஓய்ந்ததும் சிலேட்டை எடுத்தார். 'நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன். கம்ப்யூட்டரே ஒத்துக்கிச்சு, இனிமே எவனும் என்னைக் கிண்டல் பண்ணக்கூடாது' என்று எழுதி, இருவருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார்.