பூபதியின் கூவல்

நிவேதாவுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. இன்னும் ஒரு சொல் வாயில் வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, வீட்டில் நிறையப் பேசுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அவளுடைய அப்பன் பூபதிக்கு அதே கவலை. ஊமைப் பெண் என்று எவனாவது சொல்லிவிடுவானோ என்று பயந்து கோட்டைக்குப்பத்தில் நாலு பேர் கூடும் இடத்துக்கே அவன் போவதில்லை.

அன்று ஏரியில் மீன்பிடித்துத் திரும்பி வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றான். உள்ளே குழந்தையின் குரல். சொல் இல்லை. ஏறி, இழுத்து, சட்டென்று இறங்கும் ராகம் மட்டும்.

ஏரியில் படகுக்குப் படகு கூவினால் சொல் காற்றோடு போய்விடும், ராகம்தான் வந்து சேரும். ஆளுக்கொரு கூவல், கேட்டதுமே இன்னார் படகு என்று தெரிந்துவிடும். தன் கூவலைத்தான் பெண் பிடித்துக்கொண்டாள் என்று பூபதி நினைத்தான். யாரும் சொல்லித் தரவில்லையே! அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு மாசிலாமணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

"கேளு மாமா. எங்கூவல வுடறா பாரு எம்பொண்ணு."

மாசிலாமணி சிரித்துக்கொண்டே காதைக் கொடுத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னா மாமா?"

"இது ஏரில நீ வுடற கூவல் இல்லடா." அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ குடிச்சிட்டு வர்ற அன்னிக்கு எங்க சுவத்தாண்ட கேக்குமே, அது."

குடித்துவிட்டுக் கத்தியதெல்லாம் விடிந்தால் பூபதிக்கு மறந்துவிடும். அதனால் வீட்டில் எல்லோருக்குமே மறந்துவிட்டதாக நினைப்பு. மனுஷன் உளறுகிறார் என்று கதவைத் தள்ளினான்.

நிவேதா பிளாஸ்டிக் பொம்மையின் முன் இடுப்பில் கைவைத்து நின்றாள். குரலை ஏற்றி, கடைசியில் நாக்கைச் சொடுக்கி, காலால் தரையை உதைத்தாள். அச்சு அசல் அவனேதான். பிறகு பொம்மையை அள்ளிக்கொண்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒடுங்கி, அதன் வாயைப் பொத்தினாள்.

பூபதி அடுப்படிப் பக்கம் திரும்பினான். "ஏன் வாயப் பொத்துறா?"

அடுப்படியில் நின்றிருந்த அவன் மனைவி கலைவாணி திரும்பவே இல்லை. "நீ கத்துறப்ப அது அழுதா இன்னும் கத்துவ. நாந்தான் வாயப் பொத்தி வெச்சுக்குவேன். பொறந்ததுலேர்ந்து."

அவன் டிரம்முக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். குரலை முடிந்தவரை மெல்ல எடுத்தான்.

"கண்ணு, நைனா வந்துக்கிறேன்."

நிவேதா பொம்மையின் வாயிலிருந்து கையை எடுத்து, தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.