குழறினாலும் என் குரல்

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் வேலையை விட்டுவிட்டு அவள் வடிவமைப்பில் முதுகலை படிக்கச் சேர்ந்தபோது, முதலில் கேலி செய்தது தம்பிதான்.

"நாற்காலிக்குக் கால் வரையறதுக்கா போறே?"

அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். வாய்தான் அவன் பிழைப்பு. "பிரேக்கைப் போடு!" என்று அவன் கத்தினால் பக்கத்து வண்டிக்காரனும் சேர்த்துப் போடுவான்.

வடிவமைப்புத் துறையில் வெவ்வேறு படிப்பு படித்தவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். அவளுடன் ஒரு எஞ்சினியரும், உளவியல் படித்த ஒருத்தியும். மூவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். அவள் 'நோயாளி' என்பாள், எஞ்சினியர் 'பயனர்' என்பான், உளவியல்காரி தலையில் அடித்துக்கொண்டு, "மனுஷன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" என்பாள்.

தம்பியின் வலது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவத் தொடங்கியபோது டாக்டர் நரம்பு நோய் என்றார். அடுத்து நாக்கு என்பது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்!

பேச்சுப் போனவர்கள் விரலசைவில் பேசும் கருவி ஒன்றைச் செய்வதென்று மூவரும் முடிவெடுத்தார்கள். யந்திரக் குரல் இல்லை, அவரவர் சொந்தக் குரல்.

"குரல் நல்லா இருக்கும்போதே பதிவு பண்ணிடணும்" என்றான் எஞ்சினியர்.

"முதல்ல அவர்கிட்ட சொல்லணும்" என்றாள் உளவியல்காரி.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள்.

பார்த்துக்கொள்ளவில்லை. மைக்கை நீட்டினால், உன் பேச்சு போகப்போகிறது என்று சொன்னதாகிவிடுமே. எத்தனையோ குடும்பங்களிடம் பக்குவமாகச் சொன்ன வாய், சொந்த வீட்டில் பூட்டிக்கொண்டது. இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளினாள். ஒருநாள் சாப்பிடும்போது அவன் தண்ணீர் கேட்டான். அந்த வார்த்தை வாயிலேயே வழுக்கி விழுந்தது. அம்மா சிரித்துக்கொண்டே, "என்னடா, தூக்கக் கலக்கமா?" என்றாள். அவளோ தட்டிலிருந்து நிமிரவேயில்லை.

மறுநாள் மைக்கை எடுத்துக்கொண்டு அவன் கட்டிலருகே போனாள். அவளுக்கு அழுகைதான் வந்தது. அவன் மெல்ல, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்துச் சொன்னான்:

"எனக்குத் தெரியும்க்கா. நீ எப்போ கேப்பேன்னுதான் பாத்துட்டிருந்தேன்."

எஞ்சினியரையும் வரவழைத்துப் பதிவு செய்தார்கள். ஜன்னலைத் திற, முதுகு அரிக்குது, ஃபேனை நிறுத்து, அம்மா. எல்லாம் குழறலாகவே வந்தன. கடைசியில் வீம்புக்கு, "பிரேக்கைப் போடு!" அதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். இருமலும் வந்தது.

"குழறலை எடுத்துட்டு சுத்தமாக்கித் தர்றேன்" என்றான் எஞ்சினியர்.

தம்பி தலையாட்டி மறுத்தான். "வேணாம். குழறினாலும் என் குரல்."

வாய் அடங்கியபின் கொஞ்ச காலம் அந்தக் கருவி பேசியது. பெரும்பாலும் முதுகு அரிப்பதைப் பற்றித்தான். பிறகு விரலும் அடங்கியது. மழை விட்ட ஒரு காலையில் அவனும் போய்விட்டான்.

தேர்வுக் குழு முன் கருவியை வைத்தபோது ஒரு பேராசிரியர், "உச்சரிப்பு தெளிவா இல்லையே?" என்றார். முதன்முறையாக எஞ்சினியரும் உளவியல்காரியும் ஒரே குரலில், "அது அவரோட முடிவு சார்" என்றார்கள். தேறினார்கள். கைதட்டல் கேட்டது. முன்னாடியே தம்பியிடம் கேட்டிருந்தால் அவன் முழுக்குரல் இருந்திருக்கும் என்பதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் ஓடவில்லை.

அவள் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் வேறொருவருக்கு அந்தக் கருவி தேவைப்பட்டது. தம்பியின் குரலை அழித்து அவர் குரலை ஏற்ற வேண்டும். வீட்டுக்கு எடுத்துவந்து, சரியாக இருக்கிறதா என்று ஒரு பொத்தானைத் தொட்டாள்.

"அம்மா."

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. ஈரக் கையோடு அம்மா ஓடிவந்து வாசற்படியில் நின்றாள். வெறும் கட்டிலைப் பார்த்தாள். பிறகு மகளை.

"அழிக்கப் போறேம்மா. உனக்கு வேணும்னா போன்ல எடுத்து வச்சுத் தர்றேன்."

"வேணாம்டி. கேக்கறப்பல்லாம் இப்படி ஓடிவந்துருவேன்." முந்தானையில் கையைத் துடைத்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அதுக்கு முன்னாடி இன்னொரு தரம் கூப்பிடச் சொல்லு."

அவள் பொத்தானைத் தொட்டாள்.

"இங்கதான்டா இருக்கேன்" என்றாள் அம்மா.